டாம்கேட்டில் ஜூடி: வெப் சர்வீஸ் பதிவேடு அமைக்கும் முறை

எந்த வெப் சர்வீஸ் (ஒரு மென்பொருள் வலைவழியே இன்னொரு மென்பொருளுக்குத் தரும் சேவை) எந்த முகவரியில் இருக்கிறது என்பதைப் பல இடங்களில் ஆளுக்கொரு எக்செல் தாளில் குறித்து வைத்திருப்பார்கள். ஒரு சர்வர் இடம் மாறினால் போதும், பாதிப் பேர் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருப்பார்கள். இதற்காக வந்ததுதான் யூடிடிஐ பதிவேடு; சர்வீஸ்களின் முகவரிகளை ஒரே இடத்தில் பதிந்து வைத்துத் தேட உதவும் பட்டியல் இது. அப்பாச்சியின் ஜேயூடிடிஐ (பேச்சில் ஜூடி) இதை இலவசமாகவே தருகிறது. அதன் ஜிப் கோப்பில், ஜாவா வெப் செயலிகளை இயக்கும் சர்வரான டாம்கேட்டும் சேர்ந்தே வருகிறது.

1. ஜாவாவை நிறுவி, ஜாவா ஹோம் (ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் சூழல் மாறி) சரியான கோப்புறையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஜிப்பைப் பிரித்தெடுங்கள்.

2. உடனே இயக்கிவிடாதீர்கள். வெப்ஆப்ஸ் கோப்புறையில் ஜூடிவி3 செயலிக்குள் அதே பெயரில் ஓர் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பு இருக்கும். அதில் நோட் ஐடியையும் (உங்கள் பதிவேட்டின் அடையாளப் பெயர்) பேஸ் யூஆர்எல்லையும் (அதன் அடிப்படை வலை முகவரி) உங்கள் நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். முதல் தடவை இயங்கும்போதே ஜூடி தன் அடிப்படைப் பதிவுகளைத் தரவுத்தளத்தில் எழுதிவிடும். நான் இதை அறியாமல் முதலில் இயக்கிவிட்டு, அப்புறம் பெயரை மாற்றப் பார்த்தேன். கடைசியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க முடிந்தது.

3. டாம்கேட்டின் 'bin' கோப்புறையிலிருந்து ஸ்டார்ட்அப் கோப்பை இயக்குங்கள். 8080 போர்ட்டை வேறு எதுவும் பிடித்திருந்தால், டாம்கேட்டின் சர்வர் எக்ஸ்எம்எல்லில் எண்ணை மாற்றுங்கள்; பேஸ் யூஆர்எல்லிலும் மாற்ற மறக்கக் கூடாது.

4. இனிதான் முக்கியமான வேலை. ஜூடியின் இயல்பான ஆதென்டிகேட்டர் (உள்நுழைபவரைச் சரிபார்க்கும் பகுதி), பயனர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், கடவுச்சொல்லைச் சரிபார்க்காது. சொந்தக் கணினியில் கற்றுக்கொள்ள இது போதும். அலுவலகச் சர்வரில் இப்படியே விட்டால், யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வீஸ் முகவரியை மாற்றி எழுதலாம். அதே அமைப்புக் கோப்பில் எல்டாப் (நிறுவனத்தின் பயனர் அடைவு) ஆதென்டிகேட்டருக்கோ, கடவுச்சொல்லை மறையாக்கம் செய்து வைக்கும் எக்ஸ்எம்எல் ஆதென்டிகேட்டருக்கோ மாறிவிடுங்கள். டாம்கேட்டின் பயனர் கோப்பில் இருக்கும் மாதிரிக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

5. உலாவியில் ஜூடி-கூய் (ஜூடியின் வெப் முகப்பு) பக்கத்தைத் திறந்து உள்நுழையுங்கள். முதலில் பிசினஸ், அதற்குள் சர்வீஸ், அதற்குள் பைண்டிங் டெம்ப்ளேட் என்று வரிசையாகச் சேருங்கள். சர்வீஸின் உண்மையான முகவரி பைண்டிங் டெம்ப்ளேட்டில்தான் இருக்கும்.

சரி, இப்போது வேறொரு கணினியிலிருந்து அந்தச் சர்வீஸைப் பெயர் சொல்லித் தேடுங்கள். பைண்டிங்கில் லோக்கல்ஹோஸ்ட் (அதாவது, இதே கணினி) என்று எழுதியிருந்தால், அந்த முகவரி வேறு கணினியில் வேலை செய்யாது; அந்தத் தவறு இந்த இடத்தில் தெரிந்துவிடும்.