பியூரெட்டிலிருந்து மருத்துவத் தரவுக்கு

பதினொரு வருடம் ஆய்வுகூடத்தில் நியமிப்பு (டைட்ரேஷன்) செய்தேன். இப்போது திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே மருத்துவத் தரவு நியமங்களில் வேலை. இரசாயனம் படித்தவர்கள் தாராளமாக இந்தப் பக்கம் வரலாம்.

முதலில் அலகுகளைப் பிடியுங்கள். குருதிக் குளுக்கோஸ் ஓர் அறிக்கையில் 126, இன்னொன்றில் 7.0. இரண்டும் ஒன்றுதான். முன்னது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், பின்னது லீற்றருக்கு மில்லிமோல். குளுக்கோஸின் மோலார்த் திணிவு 180, ஒரு லீற்றரில் பத்து டெசிலீற்றர் என்பதால் 18ஆல் வகுக்கிறோம். கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க உங்களைப் போல ஒருவர் வேண்டும். ஆய்வுகூடச் சோதனைகளுக்குக் குறியீடு தரும் லோயின்க் (LOINC) நியமத்தில் இவற்றுக்கு வேறு வேறு குறியீடுகள்: 2345-7, 14749-6. இலவசமாகப் பதிந்து நீங்களே தேடிப் பாருங்கள். என் முதல் நிரலில் கொலஸ்ட்ரோலையும் 18ஆல் வகுத்துவிட்டேன், அதற்கு 38.67 வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு மூலக்கூறின் காரணியையும் கையால் கணக்கிட்டுச் சரிபார்க்கிறேன்.

அப்புறம் பைத்தன் என்ற நிரல்மொழி. பழைய அளவுத்திருத்த வளைகோடு ஒன்றை அதில் வரையுங்கள், போதும்.

சரி, கடைசியாக ஃபயர் (FHIR), மருத்துவத் தரவைக் கணினிகளுக்கிடையே பரிமாறும் நியமம். அந்த 7.0ஐ அதில் ஓர் ‘ஒப்சர்வேஷன்’ (அளவீட்டுப் பதிவு) ஆக எழுதி, பொதுச் சோதனைச் சேர்வருக்கு அனுப்பிப் பாருங்கள். பெயரும் பிறந்த திகதியும் கற்பனையாகவே இருக்கட்டும். உண்மையான நோயாளியின் விவரம் ஒரு எழுத்துக்கூட அங்கே போகக் கூடாது.