பிக்கப்பில் அந்த 'டம்' சத்தம் போன விதம்

ஜெனரேட்டர் ஏற்றி இறக்க வசதியாக, பின்பக்கம் 2 அங்குலம் தாழ்த்திய பிக்கப்பைப் பழையதாக வாங்கினேன். வேகத்தடை வந்தாலே, காலி வண்டியிலும் பின்னால் 'டம்' என்று ஒரு இடி.

முதலில் டயரில் காற்றைக் குறைத்தேன். லோடு ஏற்றியதும் டயர் கொதித்தது. அப்புறம் பட்டையில் (பின் ஆக்சிலைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கில்) ஒரு லீஃபைக் கழற்றினேன்; ஜெனரேட்டர் ஏறியதும் டயர் மட்கார்டில் உரசியது. லீஃபைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஷாக் அப்சார்பரைப் புதிதாகப் போட்டும் பலனில்லை. நான்கு நாள் போச்சு.

கடைசியில் கீழே படுத்துப் பார்த்தபோது, ஆக்சில் மேலேறி சேஸிஸில் மோதாமல் தடுக்கத் தொங்கும் ரப்பர் கட்டையின் அடி மட்டும் பளபளவென்று இருந்தது. சந்தேகத்தில் அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி, காலியாகவே ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். ஆக்சிலில் வெள்ளை அச்சு! பட்டை வளையும் முன்பே ரப்பர் இடித்திருக்கிறது.

பாதி உயர ரப்பரும், தாழ்த்திய உயரத்துக்கேற்ற குட்டை ஷாக்கும் போட்டேன். பழைய அளவு ஷாக்கும் உள்ளே முழுக்க அமுங்கி முட்டிக்கொண்டுதான் இருந்தது. பட்டையைத் தொடாததால் சுமை தாங்குவது அப்படியே இருக்கிறது. முழு லோடில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிறது. இந்த இடைவெளியைப் பார்க்காமல் ரப்பரை வெட்டிவிடாதீர்கள்.