காரைக்குடியில் குடி எங்கே போச்சு?

எங்கள் கோயில் புள்ளிப் பட்டியலை ஒரு பழைய மென்பொருளில் ஏற்றி, அச்செடுத்து, சரிபார்க்கச் சொல்லி ஆச்சியிடம் கொடுத்தேன். (நகரத்தார் வழக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி அந்தக் கணக்குப்படிதான்.) இரண்டு வரி பார்த்ததும் ஆச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். "காரை இருக்கு, குடி எங்கப்பா போச்சு?"

நிஜம்தான். 'காரைக்' என்று வந்து, அதை ஒட்டி ஒரு கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. ஊர்ப்பெயர்க் கட்டத்துக்கு அந்த மென்பொருள் வைத்திருந்த அளவு 20 பைட். (பைட் என்பது கணினி ஓர் எண்ணைப் போட்டு வைக்கும் சிறு அறை.) ஐந்தெழுத்து ஊருக்கு அது போதாதா? தாளும் பென்சிலும் எடுங்கள், போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 1: பிரித்து எழுதுங்கள்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடு தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. நம் 247 எழுத்துக்கும் அதில் தனித்தனி இடம் கிடையாது. உயிர், அகரமேறிய மெய், துணைக்குறி, புள்ளி என்று துண்டுதுண்டாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் காரைக்குடி இது: க, ா, ர, ை, க, ், க, ு, ட, ி. மொத்தம் பத்து. மெய்யின் தலையில் இருப்பதும் தனிப் புள்ளிதான், அதற்கும் வரி உண்டு!

படி 2: 64-ஆல் வகுங்கள்

க-வின் எண் 2965. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும் என்பதால் இதை உடைத்தாக வேண்டும். 2965-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 21. இரண்டோடும் 128 கூட்டுங்கள்: 174, 149. முன்னால் 224 போடுங்கள். ஆக, க என்பது 224, 174, 149.

224 வந்தால், இது மூன்று பைட் கூட்டத்தின் தலை என்று கணினி புரிந்துகொள்ளும். 128 முதல் 191 வரை வந்தால் அது பின்னால் வரும் ஆள். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் யூடிஎஃப்-8. 1992-இல் கணினி நிபுணர் கென் தாம்சன் ஓர் உணவகத்தில், சக நிபுணர் ராப் பைக் கூட இருக்க, சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த தாளிலேயே எழுதி வகுத்தது.

ை-யின் எண் 3016. நீங்களே போடுங்கள். 224, 175, 136 வந்தால் சரி.

படி 3: நோட்பேடில் எடை போடுங்கள்

'காரைக்குடி' என்று மட்டும் தட்டி, யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். கோப்பின் அளவு 30 பைட் காட்டும். 33 காட்டினால் முன்னால் மூன்று பைட் அடையாளக்குறி ஒட்டியிருக்கிறது, பயப்பட வேண்டாம். தமிழுக்கு இடமில்லாத பழைய ஏற்பாடான 'ஆன்சி' என்பதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப வராது.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருவோம். 20 பைட்டில் ஆறு துண்டுக்கு 18 போக மீதி இரண்டு. அது கு-வில் உள்ள க-வின் முக்கால்வாசி கூட இல்லை. அந்த அரைகுறைதான் சாய்சதுரம்.

படி 4: எந்த அட்டவணையில் படிக்கிறது என்று பாருங்கள்

தமிழ்க் கோப்பை எக்செலில் திறந்தால் வட்டத்துக்குள் 'ஆர்' வரிசையாக வருகிறதா? எழுத்து கெடவில்லை. 224, 174 என்ற எண்களை ஐரோப்பிய அட்டவணையில் தேடிப் படித்திருக்கிறது, அவ்வளவுதான். சேமிக்காமல் மூடிவிட்டு, தரவு இறக்குமதி வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறங்கள்.

கட்டத்தை 100 பைட்டாக்கியதும் குடி வந்துவிட்டது. அப்புறம் நாட்டரசன்கோட்டைக்காரர்கள் சிலர் தேடலில் சிக்கவில்லை. 15 துண்டு, 45 பைட் இருக்க வேண்டிய பெயர் சில இடங்களில் 48 இருந்தது. யாரோ ோ-வை ஒரே குறியாக இல்லாமல் ே, ா என்று இரண்டாகத் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆச்சிக்கும் தெரியவில்லை.