சாலிட் ஆக்ஸில் மாற்றத்துக்கு எந்த முன் சஸ்பென்ஷன்?

வண்டியின் ஐ.எஃப்.எஸ். (இரு சக்கரமும் தனித்தனியே ஆடும் சஸ்பென்ஷன்) முன்பக்கத்தை வெட்டியெடுத்துச் சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு) போடத் துணிந்தவர்கள் முதலில் கேட்பது "லீஃபா, காயிலா?" என்றுதான். அதற்கு முன்பே முடிவாக வேண்டியது ஸ்டீயரிங். டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாமல் பிராக்கெட் வெல்டு செய்தால், பிறகு எல்லாவற்றையும் கிரைண்டரால் அறுக்க நேரும்.

முதல் தடவை செய்பவர்களுக்கு அடுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகளான லீஃப் ஸ்பிரிங்தான் சரி. எடையைத் தாங்குவதும் ஆக்ஸிலை இடத்தில் பிடித்து வைப்பதும் அந்தப் பட்டைகளே. ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடிக்கத் தனியாக லிங்க் வேண்டாம், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்டு ராடும் வேண்டாம். நிலையான முனையை முன்னாலும் ஷேக்கிளை (பட்டை நீள வழிவிட்டு ஆடும் இணைப்பு) பின்னாலும் வைத்தால், மேட்டில் மோதும்போது ஆக்ஸில் பின்வாங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் நீளவாட்டில் ஓடும் டிராக் லிங்க் இதோடு ஒத்துப்போகாது. வண்டியின் குறுக்கே எதிர்ப்பக்க நக்கிளுக்கு (சக்கரத்தோடு திரும்பும் மூட்டு) போகும் கிராஸ்ஓவர் ஸ்டீயரிங் வேண்டும். வண்டி நிற்கும் உயரத்தில் ஷேக்கிளின் கீழ்நுனி சற்றுப் பின்னே சாய்ந்திருக்கட்டும். உயரத்துக்காக முன் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் வைக்கவே வைக்காதீர்கள்: பிரேக் பிடிக்கையில் பட்டை எஸ் வடிவில் முறுகும்.

காயில் ஸ்பிரிங் என்றால் ஆக்ஸிலைப் பிடிக்கத் தனி ஆர்மோ லிங்கோ வேண்டும். அவற்றில் ரேடியஸ் ஆர்ம் (பக்கத்துக்கு ஒன்றாக ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்கு நீளவாட்டில் போகும் கை) சாலையில் நிதானமாக ஓடும். லேண்ட் குரூஸர் 80 சீரிஸின் முன்பக்கம் இந்த வகைதான். ஒவ்வோர் ஆர்மும் ஆக்ஸிலை இரண்டு இடத்தில் பிடிப்பதால், ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது அந்த இணைப்புகளில் உள்ள புஷ் ரப்பர் நசுங்கித்தான் வழிவிட வேண்டும். அந்த ரப்பருக்குப் பதில் உலோக ஜாயின்ட் போட்டால் பிராக்கெட் கிழியும். 90 செ.மீ. நீள ஆர்மில் வண்டியை 5 செ.மீ. உயர்த்தினால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) ஏறத்தாழ 3 டிகிரி குறையும்.

மலை, பாறை, சாலை மூன்றுக்கும் பொதுவாகப் பொருந்துவது த்ரீ லிங்க். கீழே இரண்டு, மேலே ஒன்று, பக்கவாட்டுக்குப் பேன்ஹார்டு. இரு சக்கரங்களின் பிரேக் முறுக்கையும் அந்த ஒற்றை மேல் லிங்க் இழுவிசையாகத் தாங்குகிறது. அதனால் ஆக்ஸிலில் மேல், கீழ் லிங்குகளுக்கு நடுவே குறைந்தது 20 செ.மீ. இடைவெளி வையுங்கள். இடைவெளி குறையக் குறைய ஜாயின்ட் மேல் சுமை ஏறும்.

இதில் பெரும்பாலோர் தவறுவது பேன்ஹார்டில். அதன் சேஸிஸ் முனை ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும் பக்கமே வர வேண்டும். நீளமும் சாய்வும் டிராக் லிங்கோடு ஒத்திருக்க வேண்டும். 80 செ.மீ. ராடு கிடைமட்டத்திலிருந்து 20 செ.மீ. இறங்கினால் ஆக்ஸில் 2.5 செ.மீ. பக்கவாட்டில் நகரும். டிராக் லிங்கும் அதே வளைவில் நகர்ந்தால் ஓட்டுநருக்குத் தெரியாது. நகராவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் கையை இழுக்கும். போல்ட் துளையை கேஸ் கட்டரால் வெட்டாதீர்கள், டிரில் செய்யுங்கள். அரை மில்லிமீட்டர் ஆட்டம் போதும், முன்சக்கரங்கள் வெறிபிடித்தாற்போல் உதற.

லிங்குகள் சாய்வாக அமைந்து பக்கவாட்டையும் பிடிக்கும் முக்கோண ஃபோர் லிங்குக்குப் பேன்ஹார்டு தேவையில்லை. ஆனால் அது டிராக் லிங்க் இல்லாமல் எண்ணெய் அழுத்தத்தாலேயே திரும்பும் முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கோடுதான் சேரும். மேல் லிங்குகளுக்கு எஞ்சின் சம்பு (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இடமும் தராது. பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு இதை விட்டுவிடலாம்.

எதைத் தேர்ந்தாலும் காஸ்டர் 5 முதல் 7 டிகிரி வரை இருக்கட்டும். அதை வைத்தால் பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே குனிகிறதென்றால், ஆக்ஸில் நுனியில் நக்கிளைத் தாங்கும் சி வடிவப் பகுதியை அறுத்துத் திருப்பி வெல்டு செய்வதே வழி.

பிராக்கெட்டுகளை முதலில் டாக் வெல்டு (அங்கங்கே புள்ளியாகத் தற்காலிக வெல்டு) மட்டும் செய்யுங்கள். காயிலைக் கழற்றி வைத்து ஆக்ஸிலை ஜாக்கியால் முழுக்க ஏற்றுங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் ஏற்றுங்கள். லீஃப் என்றால் பட்டைக் கட்டைப் பிரித்து மெயின் பட்டையை மட்டும் மாட்டிப் பாருங்கள். டிஃபரன்ஷியலுக்கும் ஆயில் சம்புக்கும், டிராக் லிங்குக்கும் சேஸிஸுக்கும் இடையே 2 செ.மீ.யாவது மிஞ்சும் உயரத்தில் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் அதற்கு மேல் ஏறாமல் நிறுத்தும் தடுப்பு) வையுங்கள். அடுத்து முழுக்க இறக்கிப் பார்த்து, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, டிரைவ் ஷாஃப்டின் ஸ்லிப் (நீண்டு சுருங்கும் இணைப்பு) கழன்றுவருகிறதா என்று கவனியுங்கள். அதன் பிறகே முழு வெல்டிங். லீஃப் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் யு-போல்ட்டுகளை மறுபடி முறுக்கிவிடுங்கள்.