ஃபேன்டஸி கதைகளில் ஆழ்படிமம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஃபேன்டஸி நாவல்களைப் பற்றிப் பேசும் வாசகர் கூட்டத்துக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் உளவியலாளர் கார்ல் யுங் வந்துவிடுகிறார், கூடவே அவருடைய ஆழ்படிமங்களும், அதாவது மனித மனதில் பொதுவாக இருந்து கதைகளில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை உருவங்களும். நல்ல விஷயம்தான். ஆனால் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எடுத்து, 'மந்திரவாதி காண்டால்ஃப் வழிகாட்டும் ஞானக்கிழவர், கோல்லம் நாயகன் ஃப்ரோடோவின் நிழல், அதாவது அவன் ஏற்காத மறுபக்கம்' என்று பெயர் சூட்டியதும் பேச்சு நின்றுவிடுகிறது. முதல் தவறு அதுதான்.

பெயர் வைத்தாயிற்று, சரி, அப்புறம்? தீய மோதிரத்தை எறிந்து அழிக்க ஃப்ரோடோ போய்ச் சேரும் எரிமலைக்குள் நடப்பதைப் பாருங்கள். கடைசி நிமிடத்தில் ஃப்ரோடோ மோதிரத்தை எறிய மாட்டேன், இது என்னுடையது என்கிறான். முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்த கோல்லம் அவன் விரலோடு சேர்த்து மோதிரத்தைக் கடித்துப் பறித்து, தவறித் தீயில் விழுகிறான். நாயகன் தன் நிழலை அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ளும் கட்டம் அங்கே இல்லவே இல்லை. முன்பு ஃப்ரோடோவின் உறவினர் பில்போவும் ஃப்ரோடோவும் இரக்கப்பட்டு கோல்லத்தைக் கொல்லாமல் விட்டார்களே, அதுதான் காரியத்தை முடிக்கிறது. ஆழ்படிமம் பொருந்தாமல் போகும் இந்த இடத்தில்தான் டோல்கீன் தெரிகிறார், நாம் பேச வேண்டியதும் இதைத்தான்.

அடுத்தது, வில்லன்களை எல்லாம் நிழல் என்பது. யுங் சொல்லும் நிழல் வெளியே நிற்கும் எதிரி அல்ல, நம்மிடமே இருந்தும் நாம் ஒத்துக்கொள்ளாத பகுதி. அதில் நல்ல திறமைகளும் அடைபட்டுக் கிடக்கலாம். உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட முதல் எர்த்ஸீ நாவலில், அகந்தையால் தானே அவிழ்த்துவிட்ட நிழலைக் கடல்கடந்து துரத்திப்போகும் இளம் மந்திரவாதி கெட், கடைசியில் அதைத் தன் பெயராலேயே அழைக்கிறான். அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அதை வைத்து 'யுங்கைப் படித்துத்தான் எழுதினார்' என்று முடிவு கட்டாதீர்கள். எழுதும்போது யுங்கைப் படித்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இணையத்தில் சுற்றும் 12 ஆழ்படிமங்களின் பட்டியல் யுங் போட்டது அல்ல. அது கேரல் பியர்சன் வளர்த்தெடுத்தது, 2001இல் மார்கரெட் மார்க்கோடு சேர்ந்து பிராண்டுகளுக்கும் பொருத்திக் காட்டினார். நாயகன் வீட்டை விட்டுக் கிளம்பி, சோதனைகளைக் கடந்து, மாறித் திரும்பும் 'நாயகனின் பயணம்' என்ற கதை அமைப்பு ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட நூலில் வருவது. எல்லாவற்றையும் யுங் கணக்கில் எழுதாதீர்கள்.

எனக்கு ரொம்பவே கோபம் வருவது, பெண் பாத்திரம் வந்தாலே 'இவள் நாயகனின் அனிமா', அதாவது யுங் சொன்ன, ஆணின் மனதுக்குள் இருக்கும் பெண் உருவம் என்று சொல்லிவிட்டுப் போகும்போதுதான். டோல்கீனின் அதே நாவலில் வரும் எயோவின் யாருடைய மனதுக்குள் இருக்கும் உருவமும் இல்லை. கூண்டில் அடைபடுவதற்கு அஞ்சுகிறாள், ஆண் வேடத்தில் போருக்குப் போகிறாள், சூனியக்கார அரசனை வீழ்த்துகிறாள். அவளுக்கென்று ஆசையும் விரக்தியும் இருக்கின்றன, அவற்றை வாசியுங்கள்.

நம் கதைகளிலும் இதே அவசரம் நடக்கிறது. வடபழனியிலிருந்து வந்த அம்புலிமாமாவில் நம்மில் பலர் படித்து வளர்ந்த வேதாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் தொங்கும் பிணம், இருட்டு, சுடுகாடு என்பதால் உடனே நிழல் என்கிறார்கள். ஆனால் அது கேள்வி கேட்டு அரசனைச் சோதிக்கிறது, பதில் வந்ததும் முருங்கை மரத்துக்கே திரும்பிவிடுகிறது, கடைசியில் அவனைப் பலிகொடுக்கக் காத்திருக்கும் சாமியாரின் சதியைச் சொல்லி உயிரையும் காப்பாற்றுகிறது. உண்மையில் அங்கே ஞானக்கிழவர் வேடத்தில் இருப்பவர் அந்தச் சாமியார்தான்.