பள்ளிச் செய்தி மடலை வீட்டில் படிக்கிற மாதிரி தயாரிப்பது எப்படி

தொடக்கப் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய குழந்தையிடம் "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். அன்றைக்கு வகுப்பு ஜன்னலில் ஒரு நத்தை ஏறியிருக்கும், புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்திருக்கும், கழித்தல் கணக்கு முதல் தடவையாகப் பிடிபட்டிருக்கும். ஆறு ஏழு வயதில் ஒரு முழு நாளைத் தொகுத்துச் சொல்வது கஷ்டம், அவ்வளவுதான். அதே குழந்தையிடம் "அந்த நத்தை மேல வரைக்கும் போயிருச்சா?" என்று கேட்டால் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசும். இப்படி ஒரு கேள்வியை வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுப்பதுதான் பள்ளிச் செய்தி மடலின் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம். மடலில் எதைப் போடலாம், எதை விடலாம் என்று குழம்பும்போதெல்லாம், இதைப் படித்தவர் குழந்தையிடம் ஏதாவது கேட்பாரா என்று யோசித்தால் போதும்.

முதலில் விட வேண்டியது விழா அறிக்கை நடை. "தலைமையாசிரியர் தலைமை தாங்கினார், வகுப்பாசிரியர் வரவேற்றார், சிறப்பு விருந்தினர் சிறப்புரை ஆற்றினார், நன்றியுரையுடன் விழா இனிதே நிறைவுற்றது." இதில் ஒரு குழந்தைகூட இல்லை. எந்தப் பள்ளியின் எந்த ஆண்டு விழாவுக்கும் இதையே போடலாம், அதனால்தான் யாரும் படிப்பதில்லை. "அறிவியல் நாள் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது" என்று எழுதுவதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "மூன்றாம் வகுப்பில் ஈரப் பஞ்சில் பயறு வைத்தார்கள். ஒரு கிண்ணம் ஜன்னலோரம், இன்னொன்று மூடிய அலமாரிக்குள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இருட்டில் இருந்த செடிதான் உயரமாக நின்றது, ஆனால் வெளிறிப்போய், தண்டு மெலிந்து துவண்டு கிடந்தது. ஏன் என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்." (வெளிச்சத்தைத் தேடி இருக்கிற சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழித்துவிடுகிறது, வெளிச்சம் இல்லாததால் பச்சையமும் உருவாவதில்லை. பெற்றோருக்கும் இது தெரிந்திருக்கட்டும், மடலிலேயே ஒரு மூலையில் பதிலைப் போட்டுவிடுங்கள்.) அதே நிகழ்ச்சிதான், ஏழெட்டு வரிதான், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

பெரிய நிகழ்ச்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். நூலகத்தில் இந்த மாதம் அதிகம் கிழிந்துபோன புத்தகம் எது, இடைவேளையில் இப்போது எல்லோரும் விளையாடுவது என்ன, மழைத் தண்ணீர் தேங்கும் மூலையை ஐந்தாம் வகுப்பு எப்படி அளந்தது — பள்ளியின் உண்மையான வாழ்க்கை இதில்தான் இருக்கிறது, போட்டியில் வாங்கிய கோப்பையில் இல்லை. கோப்பையையும் போடுங்கள், ஆனால் அது முதல் பக்கத்தை முழுசாக விழுங்கிவிடக் கூடாது. வருஷம் முழுக்க அதே நாலு பிள்ளைகளின் பெயர்தான் வரும் என்றால் மற்ற வீடுகளுக்கு அந்தத் தாள் எதற்கு?

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பள்ளியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மடலில் யாருடைய படமோ எழுத்தோ ஓவியமோ வந்தாலும் அந்தப் பெயருக்கு நேராக ஒரு டிக் போடுங்கள். பாதி வருஷத்தில் நோட்டைத் திறந்தால் யாரெல்லாம் இன்னும் வரவில்லை என்று தெரிந்துவிடும். அநேகமாக அவர்கள் அமைதியான பிள்ளைகளாக இருப்பார்கள், கடைசி வரிசையாக இருப்பார்கள். அடுத்த மாதச் செய்தியை அவர்களிடமிருந்து தேடத் தொடங்குங்கள்.

பிள்ளைகளையே எழுத விடுங்கள்

எனக்கு இதுதான் மடலிலேயே முக்கியமான பகுதி. ஆசிரியர் உட்கார்ந்து முழுவதையும் எழுதினால் அது சுற்றறிக்கை. பிள்ளைகள் எழுதினால் அது அவர்களுடைய பத்திரிகை. இது புதிய யோசனையும் இல்லை. முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய செலஸ்தென் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர், 1920-களில் தன் கிராமப் பள்ளி வகுப்பறைக்குள்ளேயே ஒரு சிறு அச்சு இயந்திரத்தை வைத்தார். பிள்ளைகள் வெளியே நடந்து போய்ப் பார்த்ததை எழுதினார்கள், அவர்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள், அந்தத் தாள்களைத் தொலைவில் இருந்த வேறொரு பள்ளிக்கு அனுப்பி அங்கிருந்து பதில் வாங்கினார்கள். போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் என்ற குழந்தை மருத்துவர், வார்சாவில் ஒரு தினசரியின் வெள்ளிக்கிழமை இணைப்பாக, குழந்தைகளே எழுதும் செய்தித்தாளை 1926-ல் தொடங்கினார். போர் வெடித்த 1939 வரை அது வாரம் தவறாமல் வந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து குழந்தைகள் எழுதிய கடிதங்கள்தான் அதற்கு உயிர். தன் தெருவில் நடந்ததும் தன் வகுப்பில் நடந்ததும் செய்திதான் என்று ஒரு பெரியவர் நம்பி இடம் கொடுத்தார், பிள்ளைகள் எழுதினார்கள். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலும் தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை 12-ஆம் பிரிவிலும், எதையும் தேடி அறிந்து வெளிப்படுத்தும் உரிமை 13-ஆம் பிரிவிலும் இருக்கிறது.

நடைமுறையில் எப்படிச் செய்வது? வகுப்புக்கு இரண்டு நிருபர்கள், மாதம் மாறினால் நிருபர்களும் மாற வேண்டும். முதல் இரண்டு வகுப்புகளில் படம் வரையட்டும், படத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை ஆசிரியர் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து நாலைந்து வாக்கியம் தாங்களே எழுதுவார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேட்டி எடுக்க அனுப்புங்கள். தலைமையாசிரியரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காவலாளி அண்ணா, துப்புரவு செய்யும் அக்கா, பள்ளி வாகனம் ஓட்டுபவர் இவர்களிடம் முதலில் போகட்டும். "காலையில் எத்தனை மணிக்கு வருவீங்க? உங்க வேலையில எது ரொம்பக் கஷ்டம்? நாங்க செய்யறதுல எது உங்களுக்குப் பிடிக்காது?" — இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் பிள்ளைகளே எழுதிப் போட்டால், பிரார்த்தனைக் கூட்டத்தில் நாம் சொல்லும் பத்து அறிவுரைக்கு அது மேல்.

திருத்தும்போது கையைக் கட்டுப்படுத்துங்கள். எழுத்துப்பிழையைக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்தலாம். ஆனால் "எனக்கு அந்த ஆமையைப் பார்த்தா பாவமா இருந்துச்சு" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அதை "ஆமையைக் கண்டு மனம் வருந்தினேன்" என்று மாற்றாதீர்கள். வீட்டில் அந்த வரியைப் படிப்பவருக்குத் தன் பிள்ளையின் குரல் கேட்க வேண்டும்.

தேதிகளும் அறிவிப்புகளும்

அறிவிப்பு எழுதுவதில் ரசனைக்கு இடமில்லை, தெளிவு மட்டும்தான். எப்போதும் முதல் பக்கத்தில், ஒரே இடத்தில், கட்டம் போட்டு வையுங்கள், வேலை முடிந்து களைத்து வந்தவர் தேடக் கூடாது. தேதி, கிழமை இரண்டும் வேண்டும். "நாளை", "வரும் வாரம்" என்று எழுதவே கூடாது, ஏனென்றால் அந்தத் தாள் பையில் மூன்று நாள் கிடந்துதான் வெளியே வரும். எத்தனை மணிக்கு ஆரம்பம் என்பதோடு எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் போடுங்கள், அழைத்துப் போக வருபவருக்கு அதுதான் தேவை. என்ன கொண்டுவர வேண்டும், அது வீட்டில் இல்லாவிட்டால் பள்ளியில் கிடைக்குமா, பணம் கட்ட வேண்டும் என்றால் கட்ட முடியாதவர்கள் யாரிடம் தனியாகப் பேசலாம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பணம் கட்டாதவர்கள் பட்டியல் எந்தக் காரணத்துக்காகவும் மடலிலும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் வரவே கூடாது, அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும்.

"அன்புள்ள அப்பா அம்மாவுக்கு" என்று தொடங்காமல் "வீட்டில் உள்ளவர்களுக்கு" என்று தொடங்குவது நல்லது. தாத்தா பாட்டியிடமும் சித்தியிடமும் விடுதியிலும் வளரும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

நல்லதல்லாத செய்தியும் வரும். ஆசிரியர் மாறிப் போவது, விபத்து, இறப்பு, தொற்று. சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு முதலில் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லியாக வேண்டும், பிறகுதான் மற்றவர்களுக்கு, அதுவும் உறுதியானதை மட்டும், தலைமையாசிரியர் பெயரில். தொற்று என்றால் பிள்ளையின் பெயர் வேண்டாம், வகுப்பும் அறிகுறிகளும் போதும். சின்னம்மை என்றால் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவும், கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில் இருக்க வேண்டும், தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் அறிகுறி வரலாம் — இப்படிப் பயன்படுகிற தகவலாகக் கொடுங்கள். பேன் தொல்லை பற்றி எழுதினால், பேன் குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஏறும், சுத்தமான தலையிலும் வரும் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையை ஒதுக்கி வைப்பது அதோடு குறையும்.

படமும் பெயரும்

ஆண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்காமல் அச்சு மடலுக்கு, பெற்றோர் குழுவுக்கு, இணையத்துக்கு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும், நடுவில் மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் போகும் படத்தில் முகமும் முழுப்பெயரும் சேர்ந்து வரக் கூடாது. செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கலாம், போடுவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். சுற்றுலா போகும் இடத்தையும் நேரத்தையும் பொதுவெளியில் முன்கூட்டியே அறிவிக்காதீர்கள், திரும்பி வந்த பிறகு எழுதலாம்.

சம்மதம் இல்லாத பிள்ளையின் முகத்தை மங்கலாக்கிப் போடுவது சரியில்லை, அது அந்தப் பிள்ளையைத்தான் தனியாகக் காட்டும். களிமண் பிசையும் கைகள், மேசையில் பரப்பிய ஓவியங்கள், மரத்தை அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தின் முதுகு என்று எடுத்தால் எல்லோரும் இருப்பார்கள், வரிசையாக நிற்க வைத்து எடுத்த படத்தைவிட அழகாகவும் இருக்கும். வீட்டில் சம்மதித்திருந்தாலும் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "வேண்டாம்" என்றால் வேண்டாம்.

அச்சடிப்பதும் அனுப்புவதும்

ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு சிறு பக்கங்கள், ஒரு மாதத்துக்கு அது தாராளம். வெளிப்புறத்தில் இடப்பக்கம் 4, வலப்பக்கம் 1. உட்புறத்தில் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 3. தாள் கூடினால் பக்க எண்ணிக்கை நான்கு நான்காகத்தான் ஏறும். எழுத்தின் அளவு 12 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல், கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று இடிக்காதபடி வரிக்கு வரி இடைவெளி விட்டு அமையுங்கள், தாத்தா பாட்டிகளும் படிப்பார்கள். யூனிகோடு எழுத்துருவிலேயே தட்டச்சு செய்தால் அதே வரிகளை அப்படியே செல்போனுக்கும் அனுப்பலாம், பழைய எழுத்துருக்கள் வேறு கருவியில் குழறிவிடும். கறுப்பு வெள்ளையில் நகல் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவை. 10 சென்டிமீட்டர் அகலத்தில் படம் தெளிவாக விழ ஏறக்குறைய 1200 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் சுருங்கித்தான் வரும், எடுத்தவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

குழுவில் பிடிஎப் மட்டும் போட்டால் பாதிப் பேர் திறக்க மாட்டார்கள். தேதிக் கட்டத்தைத் தனிச் செய்தியாகவும் அனுப்புங்கள், அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும்படி அமைத்துவிட்டால் தேதிகள் காலை வணக்கங்களுக்கு அடியில் போகாது. வாசிக்கத் தெரியாத, அல்லது வேறு மொழி பேசுகிற வீடுகளுக்கு ஒரு பிள்ளை வாசிக்கும் இரண்டு நிமிடக் குரல் பதிவு பெரிய உதவி. வாசிக்கிற பிள்ளைக்கும் அது நல்ல பயிற்சி.

அச்சுக்குப் போகும் முன், எழுதியவர் அல்லாத ஒருவர் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியையும் கிழமையையும் சரிபார்க்கட்டும். பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டோடு ஒப்பிடுவதோடு வீட்டில் எப்படி எழுதுகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒற்று விட்டுப்போன பெயரைக்கூட அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். தப்பு நேர்ந்துவிட்டால் அடுத்த மடலில் முதல் பக்கத்திலேயே திருத்தம் போடுங்கள்.

ஒவ்வொரு மடலிலும் மாதத்தோடு வருஷத்தையும் அச்சிட்டு, இரண்டு பிரதிகளைப் பள்ளி நூலகத்தில் கோத்து வையுங்கள். கணினியில் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம் முதலில், மாதம் அடுத்து என்று எண்ணாக வைத்தால் தானாகவே வரிசையில் நிற்கும், பத்து வருஷம் கழித்து ஒருவர் வந்து தன் முதல் ஓவியத்தைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கலாம்.