தமிழ் நூற்பட்டியலுக்கு மைஎஸ்கியூஎல்: கறுப்புத் திரையில் முதல் கட்டளைகள்

கோண்டாவிலில் எங்கள் சனசமூக நிலையத்து நூற்பட்டியலைக் கொப்பியிலிருந்து கணினிக்கு மாற்றியபோது பழகியது இது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை ஏற்கெனவே நிறுவியிருப்பீர்கள். அதை உலாவியில் கையாளத் தரும் பிஎச்பிமைஅட்மினை இப்போதைக்குத் தொடவேண்டாம். அதில் பொத்தான்களைத்தான் பழகுவீர்கள். கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து உள்ளே போக:
மைஎஸ்கியூஎல் -யூ ரூட் -பி
உபுண்டுவில் முன்னால் நிர்வாகி அனுமதிக்கான சுடோ சேருங்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது சரிதான்.

2. இருப்பதைப் பார்க்க:
ஷோ டேட்டாபேசஸ்;
அரைப்புள்ளியை மறந்தால் -> என்று காத்து நிற்கும். அரைப்புள்ளியை மட்டும் தட்டி என்டர் அழுத்துங்கள்.

3. புதிதாக உருவாக்க:
கிரியேட் டேட்டாபேஸ் நூலகம் கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4;

எழுத்துகளை எந்தக் குறியீட்டு முறையில் சேமிப்பது என்று சொல்வது இந்த வரியின் பின்பாதி. அதில்தான் நான் விழுந்தேன். நிலையத்துப் பழைய கணினியில் இருந்தது 5.5 பதிப்பு. அதில் ஒன்றும் சொல்லாவிட்டால் தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 முறை என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு கிழமை இருந்து பதிந்த தலைப்புகளைத் திறந்து பார்த்தால் எல்லாம் கேள்விக்குறி. எழுத்து மறைந்திருக்கவில்லை, உண்மையிலேயே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டது. பிறகு எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது. கொப்பியைப் பார்த்து முதலிலிருந்து தட்டினோம். 8.0 பதிப்பிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 தானாகவே வரும், இருந்தாலும் எழுதிவிடுங்கள். எம்பி4 இல்லாத பழைய யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் கொள்ளும். தமிழுக்கு அது போதும், இமோஜிக்கு 4 வேண்டும்.

4. அட்டவணை:
யூஸ் நூலகம்;
கிரியேட் டேபிள் புத்தகம் (எண் இன்ட் பிரைமரி கீ, தலைப்பு வார்சார்(200));
ஷோ கிரியேட் டேபிள் புத்தகம்;
கடைசி வரியில் யூடிஎஃப்8எம்பி4 தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒரேயொரு தமிழ்த் தலைப்பை மட்டும் பதிந்து சோதியுங்கள்:
இன்சர்ட் இன்டூ புத்தகம் வேல்யூஸ் (1, 'தலைப்பு');
செலக்ட் * ஃப்ரம் புத்தகம்;

5. பிரதி எடுக்க, எக்சிட் கொடுத்து வெளியே வந்தபின்:
மைஎஸ்கியூஎல்டம்ப் -யூ ரூட் -பி நூலகம் > நூலகம்.எஸ்கியூஎல்
மைஎஸ்கியூஎல் உள்ளிருந்தே தட்டினால் பிழைதான் வரும்.

பின்னர் சேர்த்தது: பிரதிக் கோப்பு திரும்ப ஏறவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரும் விண்டோசோடு வரும் பவர்ஷெல் கட்டளைத் திரையில் எடுத்திருந்தார்கள். அங்கே > குறி கோப்பை யூடிஎஃப்16 என்ற வேறு குறியீட்டு முறையில் எழுதிவிடும், மைஎஸ்கியூஎல் அதை ஏற்காது. அந்தக் குறிக்குப் பதிலாக --ரிசல்ட்-ஃபைல்=நூலகம்.எஸ்கியூஎல் என்று கொடுங்கள். திரும்ப ஏற்ற, உள்ளே போய் யூஸ் நூலகம். பிறகு சோர்ஸ் நூலகம்.எஸ்கியூஎல்